“கையில் இல்லை” என்று சொல்ல முடியாமல் போன மாலை

பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணன். நிலாவெளி வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி எழுதப்போவதைப் படிக்கிறவர்கள் அவரைக் கள்ளன் என்று நினைத்துவிடுவார்கள். அவர் எதையும் உடைக்கவில்லை. யாருடைய கடவுச்சொல்லையும் எடுக்கவில்லை. தொலைபேசித் திரையில் இருந்த ஓர் எழுத்து வரிசையை விரலால் தொட்டார், அவ்வளவுதான்.

போன ஆண்டு ஆடி மாதம், டச்பே கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருகோணமலையில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். அண்ணியும் பிள்ளைகளும் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புள்ளிமான் எங்கள் கச்சான் சரையை மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடிப்பார்கள், எங்களுக்கு அது தெரு மாடு மாதிரி. அண்ணா கச்சான் கோதை உடைத்தபடி, பேச்சோடு பேச்சாக, “தங்கச்சி, இந்த முறை சம்பளம் இரண்டு நாள் பிந்திவிட்டது போலிருக்கிறதே” என்றார்.

பிந்தியது உண்மை. ஆனால் அதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவள். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு உவர்மலையில் என் வீட்டு அறையிலிருந்து வரவு செலவு பார்க்கிறேன். 2022இல் ரூபா சரிந்து வங்கிகளில் எல்லாம் தலைகீழாக இருந்த மாதங்களில், அவர்கள் சம்பளத்தை டெதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் அனுப்பத் தொடங்கினார்கள். டொலரோடு கட்டிவைத்த நாணயம் என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, ட்ரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில் வருவதால் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். மத்திய வங்கி 2021இலும் 2022இலும் பொதுமக்களை எச்சரித்ததையும், இதற்கென்று எவருக்கும் அது உரிமம் கொடுக்கவில்லை என்பதையும், வங்கி அட்டையால் இதை வாங்க அனுமதி இல்லை என்பதையும் அறியாமல் நான் இதில் இறங்கவில்லை. வேலைக்குக் கூலி இந்த வடிவத்தில்தான் வந்தது, வாங்கினேன். வருமானத்தை வரிக் கணக்கில் காட்டியும் இருக்கிறேன். இந்தக் கட்டுரை அரசாங்கத்திடமிருந்து ஒளிவதைப் பற்றியது அல்ல. அண்ணாவிடமிருந்து ஒளிவதைப் பற்றியது.

நடந்தது இதுதான். அதற்கு முந்திய மாதம் பெரியம்மாவின் கண் மருந்துக்கு நான் காசு கட்டியிருந்தேன். அண்ணாவும் சிறிதளவு டெதர் வாங்கி விற்கிறவர். “அதிலேயே அனுப்பிவிடுகிறேன், முகவரியை அனுப்பு” என்றார். டி என்ற எழுத்தில் தொடங்கும் 34 எழுத்துகளை அனுப்பினேன். ஐம்பது டொலர் வந்து சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவர் தன் பணப்பைச் செயலியில் அந்த வரியைத் தொட்டிருக்கிறார். அது, ட்ரான் வலையமைப்பின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய ட்ரான்ஸ்கேன் பக்கத்தைத் திறந்திருக்கிறது. அங்கே என் முகவரி, அதன் மீதி, முதல் நாளிலிருந்து வந்ததும் போனதும், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் வரிசையாக இருந்தன. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே இடத்திலிருந்து ஒரே தொகை வருவது சம்பளம் என்று தெரிய கணக்காளராக இருக்கத் தேவையில்லை.

“ஒவ்வொரு மாதமும் முப்பத்தைந்து டொலர் ஓர் இடத்துக்குப் போகிறதே, அது என்ன?” என்று அடுத்துக் கேட்டார். கேள்வியில் விடுப்பு இருந்தது, விஷம் இல்லை. “மென்பொருள் சந்தா” என்றேன். அது பொய். அந்தக் காசு போவது என்னோடு படித்த ஒருத்திக்கு. அவள் யார், எங்கே இருக்கிறாள், ஏன் வங்கிக் கணக்கு இல்லாமல் இருக்கிறாள் என்பதையெல்லாம் நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. அவளுடைய அந்தரங்கத்தை நான் ஐந்து மாதமாகத் தெருவில் விரித்துவைத்திருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கச்சான் முடிந்தது. பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். அண்ணா குரலைத் தாழ்த்தி, கடைக்குத் திரைகள் இறக்க வேண்டும், முந்நூற்றைம்பது டொலர் மாறித் தர முடியுமா, தைக்குள் தந்துவிடுகிறேன் என்றார். என் மீதி அறுநூற்றுச் சொச்சம். அவர் அதைப் பார்த்துத்தான் தொகையைக் கணக்குப் போட்டிருந்தார். என்னை முழுவதும் உறிஞ்சிவிடக் கூடாது என்ற நாகரிகம் அதில் இருந்தது. “கையில் இல்லை அண்ணா” என்று தொடங்க வாயெடுத்தேன். சொல் வரவில்லை.

கொடுத்தேன்.

ஒரு சின்னப் பொய்யின் பெறுமதி

“கையில் இல்லை” என்ற வசனத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். நம்மிடையே அதற்கு அகராதிப் பொருள் கிடையாது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், காசு எங்கேயோ இருக்கிறது என்று. சீட்டில் இருக்கலாம், அலுமாரியில் சேலைக்கடியில் இருக்கலாம், மகளின் சாமத்திய வீட்டுக்கு ஒதுக்கியிருக்கலாம். “உனக்குத் தர மாட்டேன்” என்பதை “தர முடியவில்லை” என்று மாற்றிக்கொடுக்கும் ஒரு மரியாதை அது. கேட்டவர் முகம் சுருங்காமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். அடுத்த திருவிழாவில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று சாமி கும்பிடலாம். சொந்தங்கள் நூறு பேருக்கு நடுவில் வாழும் ஊரில் இந்த ஒரு வசனம் இல்லாமல் ஓர் ஆண்டுகூட ஓட்ட முடியாது.

பிளாக்செயின் என்ற அந்தத் திறந்த பேரேடு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த வசனத்தைத்தான். என் காசு அப்படியே இருந்தது. அதைப் பற்றி நாகரிகமாகப் பொய் சொல்லும் உரிமை போய்விட்டது.

உப்புவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பா பாடாத இந்தக் காலத்திலும் ஒரே மூச்சில் இழுத்து, மடியைக் கரைக்குக் கொண்டுவரும்போது சுற்றிவர ஒரு கூட்டம் நிற்கும். கறிக்கு மீன் வாங்க வந்தவர்கள், வெறுமனே பார்க்க வந்தவர்கள், வெள்ளைக்காரர்கள், காகங்கள். மடி அவிழும்போது எவ்வளவு பட்டது என்று சம்மாட்டிக்குத் தெரியும் அதே விநாடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். படகில் போகிறவருக்கு அப்படி இல்லை. அவர் விடியுமுன் வந்து, பெட்டியை ஏற்றிவிட்டு, “இன்றைக்குச் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். நான் படகுக்காரி என்று நினைத்துக்கொண்டு நடுக்கரையில் வலை இழுத்திருக்கிறேன்.

“மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்” என்று இதைச் சொன்னபோது இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருமே முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள். யாருடைய வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வருகிறது என்ற செய்தி மதிலைத் தாண்டினால் யார் யார் படலையைத் தட்டுவார்கள் என்பதை இந்த ஊரில் நாற்பது தாண்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்போது காசு கொண்டுவந்து தந்த உண்டியல்காரர் ஒருவரை அம்மா இன்றைக்கும் நினைவுகூர்வார். சைக்கிள் கைபிடியில் ஒரு பை, பைக்குள் ஒரு சின்னக் கொப்பி, கொப்பியில் முழுப் பெயர் ஒன்றும் இருக்காது. சட்டத்துக்கு வெளியே தொழில் செய்த மனிதர்தான். ஆனால் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல மாட்டாராம். இன்றைக்கு நான் பயன்படுத்தும் பேரேட்டுக்கு அந்த வாய்க்கட்டுப்பாடு கிடையாது. கேட்காதவர்களுக்கும் சொல்லும்.

அடியார் ஒருவர், கனடா

பிட்கொயினிலிருந்து தொடங்கிய இந்தக் கிரிப்டோ நாணயக் குடும்பம் முழுவதும் அநாமதேயமானது என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். அது அநாமதேயம் இல்லை, புனைபெயர். வித்தியாசத்தை எங்கள் கோவில் மடப்பள்ளிச் சுவரில் பார்க்கலாம். திருப்பணிக்கு உதவியவர்கள் பட்டியலில் “அடியார் ஒருவர், கனடா” என்று ஒரு வரி இருக்கிறது. தொகையும் திகதியும் பக்கத்தில். அப்பம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து அதை ஒரு தரம் பார்த்தார். “இது அந்த மூத்தவனின் தாயாருடைய ஆண்டுத் திவசம் நடந்த நாள், அவன் போட்ட காசு” என்றார். ஒரு திகதி போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அதே சுவரில் இன்னும் நான்கு இடங்களில் இருந்த “அடியார் ஒருவர்” எல்லாம் எங்களுக்கு அந்த மூத்தவன்தான். புனைபெயர் ஒருமுறை உடைந்தால் முன்னால் எழுதியதும் சேர்ந்து உடைந்துவிடுகிறது. பிளாக்செயினில் அந்தச் சுவர் முடிவில்லாதது, யாரும் வெள்ளையடிக்க முடியாதது.

பிட்கொயினை உருவாக்கியவர் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 ஒக்டோபர் 31 அன்று அதை விளக்கி வெளியிட்ட ஒன்பது பக்கங்களில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, பயன்படுத்துங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதோடு, பல முகவரிகளில் கிடக்கும் சில்லறைகளைச் சேர்த்து ஒரே தடவையில் செலவழித்தால் அவை எல்லாம் ஒருவருடையவை என்பது வெளிப்பட்டுவிடும், அதைத் தவிர்க்க முடியாது என்றும் எழுதியிருக்கிறது. பிற்பாடு முகவரிகளுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேடுவதைத் தொழிலாகச் செய்யும் ஆய்வு நிறுவனங்கள் முதலில் பிடித்துக்கொண்ட நுனி இதுதான். 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 119,754 பிட்கொயின் திருட்டுப் போனது. ஐந்தரை ஆண்டு கழித்து, 2022 பெப்ரவரியில், அதில் 94,000க்கு மேற்பட்டதை அமெரிக்க அதிகாரிகள் மீட்டார்கள், நியூயோர்க்கில் கணவனும் மனைவியும் கைதானார்கள். திருடர்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் பேரேடு மறக்காமல் வைத்திருந்தது. நல்லதுதான். ஆனால் அதே நினைவாற்றல் என் முப்பத்தைந்து டொலருக்கும் உண்டு.

பிட்கொயினில் காசு நோட்டுகளைப் போலத் துண்டு துண்டாக இருக்கிறது. ஐயாயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து மிச்சம் வாங்குவது போல, ஒவ்வொரு தடவையும் மிச்சம் வேறொரு புது முகவரிக்குத் திரும்பி வரும். கவனமாக இருந்தால் ஓரளவு பிரித்துவைத்துக்கொள்ளலாம். ட்ரானிலும், எதேரியம் என்ற இன்னொரு வலையமைப்பிலும் அமைப்பு வேறு. அங்கே முகவரி என்பது வங்கிக் கணக்குப் போல, ஒரே இலக்கம், ஒரே மீதி. செயலியும் இன்னொன்றை எடு என்று சொல்லாது. எல்லோரும் ஒரே முகவரியைத் திருமண அழைப்பிதழ் மாதிரிக் கொடுத்துக்கொண்டு திரிகிறோம்.

வீடு மாறியது

கடன் கொடுத்த அந்த வாரமே நான் புது முகவரி ஒன்று எடுத்தேன். அந்தப் பணப்பையைத் திறக்கும் புது மறைச்சொற்கள் பன்னிரண்டையும் பென்சிலால் எழுதினேன். நிறுவனத்துக்கு, இனிமேல் இங்கே அனுப்புங்கள் என்று அறிவித்தேன். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஒரு சதம்கூட டெதர் மாற்றவில்லை, அவ்வளவு புத்தி இருந்தது. பட்டப்பகலில் லொறியில் சட்டி பானையை ஏற்றி எதிர்வீட்டுக்குக் குடிபோனால் யாருக்குத் தெரியாது? எனவே பழையதை அப்படியே விட்டேன். புதியதில் சம்பளம் வந்தது. மனதுக்குள் ஒரு கதவைப் பூட்டிய நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து, உடைந்த சார்ஜர் ஒன்றோடு அண்ணாவின் கடைக்குப் போனேன். “புது முகவரி எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. நல்லது தங்கச்சி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது” என்றார். உண்மையான பாராட்டு. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எப்படி என்று கேட்டேன். கண்ணாடி மேசையில் தன் தொலைபேசியைத் திருப்பி வைத்துக் காட்டினார். பழைய முகவரியின் கடைசி வரி: நாற்பது ட்ரான், வெளியே. போன இடம்: என் புது முகவரி.

டெதர் அனுப்புவதற்குக் கட்டணம் டெதரில் எடுக்கப்படுவதில்லை, அந்த வலையமைப்பின் சொந்த நாணயமான ட்ரானில் எடுக்கப்படுகிறது. வாங்குவதற்கு ஒன்றும் வேண்டாம், வெளியே அனுப்பத்தான் அது வேண்டும். புது முகவரியிலிருந்து சிநேகிதிக்கு அனுப்பப் போனபோது கட்டணத்துக்கு ட்ரான் இல்லை என்று செயலி நின்றுவிட்டது. பழையதில் கொஞ்சம் கிடந்தது. யோசிக்காமல் நாற்பதை இழுத்தேன். அடுப்பு, அலுமாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள், புது வீட்டில் விளக்கேற்றப் பழைய வீட்டுக்குப் போய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்திருக்கிறேன். கணக்கு எழுதுகிறவளின் கண்ணுக்குத் தப்பியது பெரிய தொகை அல்ல, கட்டணம். பதினாறு ஆண்டாக மற்றவர்களின் கணக்கில் நான் பிழை பிடிக்கும் இடமும் அதுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணினியைத் திறந்து அண்ணா பார்த்த இடத்திலிருந்து நானும் பார்க்கத் தொடங்கினேன். எனக்குச் சம்பளம் வரும் முகவரியைத் தொட்டேன். அது நிறுவனத்தின் பணப்பை. ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் எட்டு இடங்களுக்குப் போகிறது. என்னோடு வேலை செய்கிறவர்கள். சம்பளப் பட்டியல் என் கைக்கு வருவதில்லை, அதை நிறுவனத்தை நடத்துபவர் தானே வைத்திருக்கிறார். இப்போது அந்தப் பட்டியல் என் முன்னால் விரிந்து கிடந்தது. ஒருவருக்கு என்னைப் போல இரண்டு மடங்கு. ஒருவருக்கு என்னைவிடக் குறைவு, அவர் பெற்ற காசு ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் வேறெங்கோ போய்விடுகிறது, மாதம் தவறாமல். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் யாராக இருக்கும் என்று ஊகிக்கவும் தொடங்கினேன். ஊகம் சரியாகவும் இருந்திருக்கும். மற்றவர்களின் கணக்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் என் தொழில் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவரின் வறுமையைத் திரையில் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணா மீது இருந்த கோபம் அந்த இடத்தில் எனக்குப் பாதியாகக் குறைந்தது. திறந்து கிடக்கும் கதவு வழியாகப் பார்க்காமல் போகிற கண் மனிதருக்கு இல்லை. எனக்கும் இல்லை.

இன்னொன்றும் அன்றுதான் விளங்கியது. மூன்றாவது, நான்காவது என்று எத்தனை புது முகவரி எடுத்தாலும், அனுப்புகிறவர் தன் ஒரே பணப்பையிலிருந்து ஒரே நாளில் ஒரே தொகையை அனுப்பும்வரை நான் பிடிபடுவேன். அவரைத் தொட்டால் நான் வருவேன். என் அந்தரங்கம் என் கையில் மட்டும் இல்லை.

யாரிடமிருந்து

அடுத்த நாள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். நான் பார்த்ததைச் சொல்லவில்லை, பார்க்க முடியும் என்பதை மட்டும் சொன்னேன். சம்பளத்தை அவர்களுடைய சொந்தப் பணப்பையிலிருந்து அனுப்பாமல், கிரிப்டோ சந்தையில் அவர்களுக்கு இருக்கும் கணக்கிலிருந்து நேரே அனுப்பும்படி கேட்டேன். சந்தைகள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் காசை ஒரே பெரிய பணப்பையிலிருந்துதான் வெளியே அனுப்புகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அந்தப் பெருக்கில் எந்தத் துளி எந்த நிறுவனத்தினுடையது என்று தெரியாது. இரண்டாவதாக, எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம் என்றேன். மூன்றாவதாக, கட்டணத்துக்கான ட்ரானையும் அங்கிருந்தே கொஞ்சம் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அந்த மூன்றாவது கோரிக்கைக்கு மட்டும் ஏன் என்று பதில் கேட்டார்கள். எண்ணெய்ப் போத்தல் கதையை ஆங்கிலத்தில் எழுத நான் பட்ட பாடு தனிக் கதை.

இதனால் அண்ணாவின் கண்ணிலிருந்து தப்பினேன். ஆனால் சந்தைக்குப் போனால் சந்தைக்குத் தெரியும். அடையாள அட்டையின் இரு பக்கமும், முகத்தை இடமும் வலமும் திருப்பிய காணொளியும் கொடுத்துத்தான் கணக்குத் திறக்கிறோம். தேவைப்பட்டால் எந்த அரசாங்கமும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதில் எனக்கு மறுப்பில்லை. பயம் வேறு இடத்தில். லெட்ஜர் என்ற பணப்பைக் கருவி விற்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் கருவியை யாரும் உடைக்கவில்லை, ஆனால் அதை வாங்கியவர்களின் பட்டியல் 2020இல் களவு போனது. சுமார் 272,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. 2025 மே மாதத்தில் கொயின்பேஸ் என்ற அமெரிக்கக் கிரிப்டோ சந்தை, வெளிநாடுகளில் இருந்த தன் வாடிக்கையாளர் சேவை ஆட்கள் சிலர் இலஞ்சம் வாங்கிக்கொண்டு விவரங்களை விற்றுவிட்டதாக அறிவித்தது. அதில் அடையாள அட்டைப் படங்களும் இருந்தன. பூட்டு எவ்வளவு உறுதியானது என்று விளம்பரம் செய்கிறவர்கள், இந்த வீட்டில்தான் பூட்டு இருக்கிறது என்ற பட்டியலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கடல் கடந்த நிறுவனத்தின் கிடங்கிலிருந்து என் முகம் வழிந்தால் அதை அள்ளிக்கொண்டு வர அது போதாது.

ரூபாவாக மாற்றும் இடம் இன்னும் மோசம். இன்னொருவருக்கு நேரடியாக விற்கும்போது முன்பின் தெரியாத ஒருவரின் தொலைபேசிக்கு என் முழுப்பெயரும் வங்கிக் கணக்கு இலக்கமும் போகின்றன. அவர் அனுப்பும் காசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அது மோசடிக் காசு என்று தெரிந்தால் முடக்கப்படுவது என் கணக்கு. எனவே ஒரே ஆளிடம்தான் விற்கிறேன், விலை சற்றுக் குறைந்தாலும்.

கலக்கி இயந்திரங்களைப் பற்றிக் கேட்பீர்கள். எல்லோரின் காசையும் ஒரு பானையில் கொட்டிக் கிளறி, அவரவர் பங்கை வேறு கதவால் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. எதேரியத்தில் இயங்கிய டொர்னாடோ காஷை அமெரிக்க நிதித் திணைக்களம் 2022 ஓகஸ்டில் தடைப் பட்டியலில் சேர்த்தது, 2025 மார்ச்சில் எடுத்தது. இடையில் அதை எழுதியவர்களில் ஒருவருக்கு நெதர்லாந்தில் சிறைத்தண்டனை கிடைத்தது. மொனேரோ என்ற நாணயத்தில் அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றுமே பேரேட்டில் மறைந்திருக்கும். பிறவியிலேயே படகுக்காரர்களின் நாணயம் அது. ஆனால் 2024 பெப்ரவரியில் பைனான்ஸ் என்ற பெரிய கிரிப்டோ நிறுவனம் அதைத் தன் சந்தையிலிருந்து நீக்கிவிட்டது. இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் கள்ளர்கள் என்று நான் நினைக்கவில்லை. சம்பளத்தை மறைக்க விரும்பும் என்னைப் போன்றவர்களும் அந்தப் பானைக்குள் இருப்பார்கள். ஆனால் அந்தப் பானையில் யாருடைய காசு கிடந்தது என்று தெரியாமல் என் பங்கை எடுத்து வந்து, அதைச் சந்தை ஒன்று முடக்கிவைத்தால், உவர்மலையிலிருந்து நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? நான் அதைத் தொடவில்லை.

செய்வதெல்லாம் சின்ன வேலைகள்தான். சொந்தக்காரர்களுக்கென்று ஒரு முகவரி, அதில் எப்போதும் இருபது டொலருக்கு மேல் விடுவதில்லை. சிநேகிதிக்கு அனுப்புவது வேறொன்றிலிருந்து, தொகையை மாற்றி, திகதியை மாற்றி. இரண்டையும் ஒரே செயலியில் வைப்பதில்லை, ஏனென்றால் பணப்பைச் செயலி தன் வழங்கிக் கணினியிடம் என் எல்லா முகவரிகளின் மீதியையும் ஒரே மூச்சில் கேட்கும்போது, இவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அந்த வழங்கிக்குச் சொல்லிவிடுகிறது. முகவரியை வரலாற்றிலிருந்து நகலெடுப்பதும் இல்லை. போன மாதம் என் பட்டியலில், நான் அனுப்பாத இடத்திலிருந்து ஒரு சதத்துக்கும் குறைந்த வரவு ஒன்று வந்திருந்தது. முகவரியின் முதல் மூன்று எழுத்தும் கடைசி நான்கும் சிநேகிதியினுடையவைதான். நடுவில்தான் வேறு. அவசரத்தில் அதை நகலெடுத்து அனுப்புவேன் என்று யாரோ தூண்டில் போட்டிருக்கிறார்கள். நான் யாருக்கு அடிக்கடி அனுப்புகிறேன் என்பதைத் திறந்த பேரேட்டில் படித்துவிட்டுத்தான் அந்தத் தூண்டிலைச் செய்திருக்கிறார்கள். இப்போது 34 எழுத்தையும் விரலை வைத்து வாசிக்கிறேன், அப்பம்மா தேவாரம் வாசித்த மாதிரி.

தை வந்தது

அண்ணா தைப்பொங்கலுக்குப் பிறகு கடனைத் திருப்பத் தொடங்கினார். முதல் தவணைக்கு, “முகவரியை அனுப்பு” என்றார். “காசாகவே கொண்டுவாருங்கள், அம்மாவும் உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது என்கிறார்” என்றேன். அதில் பாதி உண்மை. வந்தார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். கடைசித் தவணையைப் போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார், கடை இரசீதுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து மடித்த உறையில், றப்பர் வளையம் போட்டு. நான் அதை அவருக்கு முன்னால் திறக்கவில்லை.

அவர் மோட்டார் சைக்கிளை வீதியில் திருப்பும் சத்தம் கேட்டபிறகு அறைக்குள் போய் எண்ணினேன். இரண்டாயிரம் ரூபா குறைந்திருந்தது. இன்னொரு தரம் எண்ணினேன். உறையை அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கணக்குச் சரியா பிள்ளை?”

“எண்ணவில்லை அம்மா” என்றேன்.